ஊருக்கு வேண்டிய தொண்டர் தலைமை

மட்டக்களப்பு வாவி நமது நிலத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரு கூறாக்கியிருப்பதனால், பிற ஊர்களில் சௌகரியம் என்று கருதப்படும் பாலமும் வீதியும் இங்கே நோயாளி வைத்தியசாலையை அடைவதற்கும், மாணவர் பரீட்சை மண்டபத்தை அடைவதற்கும், படுவான்கரை நெல் உரிய விலைக்குச் சந்தையை அடைவதற்கும் ஜீவாதாரமாகின்றன. தலைமுறை தலைமுறையாகப் படகுப் பாதையில் ஏறியே வாவியைக் கடந்த மண்முனைத் துறையில், ஜப்பானிய உதவியுடன் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் பெற்ற நன்மையே இதற்குச் சாட்சி.

இத்தகைய நிர்மாணங்களைச் சிரமதானத்தால் நிறைவேற்ற இயலாது. அவை அரசாங்கத்தின் கடமை. ஆயினும் அக்கடமையை இடையறாது நினைவுறுத்துவோர் ஊரிலே இல்லாவிடின், கோரிக்கை கோவைக்குள்ளேயே உறங்கிவிடும். 2023 மார்ச் மாதம் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரையில் மக்கள் பிரதிநிதிகள் எவருமின்றி அவை இயங்க நேர்ந்தமை, வாக்களிப்பதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதை உணர்த்தியது.

இப்பொறுப்பை ஏற்போருக்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. பதவியையும் ஊதியத்தையும் துறந்த சுவாமி விபுலாநந்தர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, தன்னலமற்ற தலைமையும் நிர்வாகத் திறமையும் ஒருவரிடத்தே இணைந்தால் ஒரு பிரதேசமே உயரும் என்பதை நமக்கு நிரூபித்துச் சென்றார்.

இன்றைய தொண்டர் செய்யவேண்டியது யாது? மாரி வெள்ளத்தில் எந்த வீதி மூழ்குகிறது, எந்த மதகு இடிந்துள்ளது, எத்தனை குடும்பங்கள் துண்டிக்கப்படுகின்றன என்பவற்றைத் திகதியோடும் புகைப்படத்தோடும் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியதா, மாகாணத் திணைக்களத்துக்குரியதா, பிரதேச சபைக்குரியதா என்றறிந்து உரிய இடத்தில் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும். வேலை ஆரம்பமானபின் அதன் தரத்தையும், முடிவுற்றபின் அதன் பராமரிப்பையும் கண்காணித்தல் வேண்டும்.

தொண்டர் முன்வந்தால் அரசு தன் பொறுப்பைக் கைகழுவிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே, ஆதலாற்றான் தொண்டர் அரசின் பணியைத் தாமே சுமப்பவராக அன்றி, அதனை அரசைக்கொண்டே செய்விப்பவராக இருத்தல் அவசியம்.

இளைப்பாறிய ஆசிரியர்களே, பட்டம் பெற்ற இளைஞர்களே, வீட்டையும் சங்கத்தையும் ஒருங்கே நடத்தும் தாய்மார்களே, உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். ஒரு வீதியை, ஒரு மதகை, ஒரு வடிகானைத் தெரிந்தெடுத்து, அது சீராகும் வரை அப்பொறுப்பைக் கைவிடாதிருங்கள்.