ராத்தலா, கிலோவா? நடுவானில் எண்ணெய் தீர்ந்த விமானம்!

1983-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி. கனடா நாட்டின் மேலே ஒரு விமானம் பறந்து கொண்டிருந்தது. ஏர் கனடா கம்பெனி வாங்கிய புத்தம் புதிய போயிங் 767 விமானம் அது. மாண்ட்ரீலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். உள்ளே 61 பிரயாணிகள், 8 சிப்பந்திகள்.

உயரம் 41 ஆயிரம் அடி. பாதி வழிதான் ஆகியிருக்கும். திடீர் என்று எச்சரிக்கை மணி ஒலித்தது. சற்று நேரத்தில் ஒரு என்ஜின் நின்றது. பிறகு இன்னொன்றும் நின்றது!

என்ஜினில் கோளாறு இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது!

கணக்கில் வந்த வினை

விமானத்தின் எண்ணெய் மானி பழுதாகி இருந்தது. ஆகவே டாங்கியில் அளவுக்கோல் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பிரயாணத்துக்குத் தேவை 22,300 கிலோ. இருப்பதோ லிட்டர், வேண்டியதோ கிலோ. லிட்டரைக் கிலோ ஆக்க வேண்டும்.

அதற்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்ன எடை என்று தெரிய வேண்டும். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் "அடர்த்தி" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். எண்ணெய் ஊற்றியவர்களின் சீட்டில் 1.77 என்று இருந்தது. அந்த எண்ணால் பெருக்கினார்கள். டாங்கியில் 13 ஆயிரத்து 597 கிலோ இருப்பதாகக் கணக்கு வந்தது. பாக்கிக்கு இன்னும் 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த 1.77 கிலோ அல்ல, ராத்தல்! (பவுண்டு என்பதும் இதுவே.) ஒரு ராத்தல் என்பது 453.6 கிராம். 1.77-ஐ 0.4536-ஆல் பெருக்கினால் 0.803 வரும். ஒரு லிட்டர் எண்ணெயின் உண்மையான எடை 0.803 கிலோதான். அதன்படி சுமார் 20 ஆயிரம் லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது.

ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள். அங்கும் அதே தப்பான முறையில்தான் கணக்குப் போட்டார்கள்! தப்புக் கணக்கை நூறு தடவை சரி பார்த்தாலும் தப்பாகத்தானே வரும்?

அடுப்படியில் தெரிந்த சங்கதி

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. விமான எண்ணெய் என்பது ஒரு வகை மண்ணெண்ணெய். தண்ணீரில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும். அதாவது, தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படி இருக்க, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 1.77 கிலோ இருக்க முடியுமா? விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய பாட்டிகூட "முடியாது" என்று சொல்லியிருப்பாள்.

பழைய ஆங்கில அளவில் ஒரு காலன் தண்ணீர் 10 ராத்தல். எனவே "காலனுக்கு இத்தனை ராத்தல்" என்ற எண்ணைப் பத்தால் வகுத்தால் "லிட்டருக்கு இத்தனை கிலோ" என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். சுலபமான வழி! ஆனால் அமெரிக்கக் காலன் சிறியது. அதற்கு இந்த வழி பொருந்தாது.

குற்றம் யாருடையது?

விமானம் என்ன ஆயிற்று? காப்டன் ராபர்ட் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மோரிஸ் குவின்டால், கிம்லி என்ற ஊரில் பழைய ராணுவ விமான தளம் இருப்பதை அறிந்தவர். சத்தமே இல்லாமல் பருந்துபோல மிதந்து வந்து விமானம் அங்கே இறங்கியது. அன்று அந்த ஓடுபாதையில் கார் பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள்! முன் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உராய்ந்து நின்றது. சிலருக்கு லேசான காயம். ஒருவரும் சாகவில்லை.

கம்பெனி இரண்டு விமானிகளையும் தண்டித்தது. சில தொழிலாளர்களையும் தண்டித்தது. இது நியாயமா? அந்தக் கம்பெனியின் மற்ற விமானங்களில் எல்லாம் எண்ணெய்க் கணக்கு ராத்தலில். இந்தப் புது ரகத்தில் மட்டும் கிலோவில். முன்பெல்லாம் எண்ணெய்க் கணக்கைப் பார்க்க விமானத்தில் தனியாக ஒரு என்ஜினீயர் இருப்பார். புது விமானத்தில் அந்த வேலையே இல்லை. அவருடைய கணக்கை இனி யார் போடுவது என்று கம்பெனி தெளிவாகச் சொல்லவில்லை. பிறகு நடந்த அரசாங்க விசாரணையும் கம்பெனியின் இந்தக் குறையைச் சுட்டிக் காட்டியது. அளவு முறையை மாற்றுகிறவர்கள், அந்த அளவைக் கையாளுகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? அந்தச் சீட்டிலே 1.77-க்குப் பக்கத்தில் "ராத்தல்" என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் 69 உயிர்கள் அந்தரத்தில் தவித்திருக்க மாட்டா.

அந்த விமானத்தைக் கிம்லியிலேயே ஓரளவு பழுது பார்த்தார்கள். இரண்டே நாளில் அது அங்கிருந்து பறந்து போனது. 2008-ம் ஆண்டுவரை பிரயாணிகளைச் சுமந்து ஓடியது.