எது பொய் எண்டு ஆர் தீர்மானிக்கிறது?

2024 ஜனவரி 24, பாராளுமன்றத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108 வாக்குகளால் நிறைவேறியது. எங்களைக் காக்கத்தானாம்! எது பொய் எண்டு ஜனாதிபதி நியமிக்கிற ஐவர் ஆணைக்குழு தீர்மானிக்குமாம்.

2006 மே 2, யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2007இல் தமிழ்நெட் தளம் முடக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3, சனம் தெருவுக்கு இறங்கவிருந்த நாளில் முகநூலும் வாட்ஸ்அப்பும் நிறுத்தப்பட்டன. இதில பொய்யா தடுக்கப்பட்டது? செய்திதான்.

பொய் ஆபத்துத்தான். 2018இல் திகனையில் வெறுப்புப் பதிவுகள் செய்த வேலை எங்களுக்கும் தெரியும். அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கு. சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பாத்து வாங்கிற எங்களுக்கு, செய்தியையும் தட்டிப் பாக்கத் தெரியும்.

திருத்தம் வேண்டாம். சட்டத்தை நீக்குங்கோ.