டெக் வாங்க நினைப்போருக்கு

கொடிகாமத்து வீட்டு அலுமாரியில் பதினேழு வீடியோ நாடாக்கள் உள்ளன. அவற்றை ஓட்டிய டெக் சென்ற மாதம் முற்றாக நின்றுவிட்டது. புதியது வாங்க வழியில்லை. விஎச்எஸ் டெக் 1976 இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது; இறுதிவரை அதைத் தயாரித்த ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையில் கைவிட்டது.

ரொறன்ரோவிலுள்ள மைத்துனர் தமது பழைய டெக்கை அனுப்புவதாகச் சொன்னார். நன்றி கூறி மறுத்தேன். அங்குள்ளவை பெரும்பாலும் என்ரிஎஸ்சி முறைக்கும் 120 வோல்ற் மின்சாரத்துக்கும் உரியவை. எங்கள் நாடாக்களோ பால் முறையில் (குடிக்கும் பாலன்று) பதிவானவை. கப்பற்கூலிதான் மிஞ்சும்.

பாவித்த டெக்கைத் தேடிக் காசைக் கரைப்பதிலும், அந்தக் காசில் நாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவிப்பதே புத்தி என்பேன். அதிலும் எல்லாவற்றையும் அல்ல. பதினேழில் பதினொன்று சினிமாப் படங்கள். அவை இணையத்தில் கிடக்கின்றன. மீதி ஆறும் வீட்டுக்குரியவை. 2000 ஆம் ஆண்டு தென்மராட்சியை விட்டு ஓடியபோது படத்தொகுப்புகள் யாவும் போயின. கொழும்பில் தங்கையிடம் இருந்ததால் இவை தப்பின.

பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துப்புரவாக்காமல் ஓட்ட விடாதீர்கள்; நாடாவும் கெடும், கடைக்காரரின் டெக்கும் கெடும். மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். அம்மாவின் குரல் ஒரே நாடாவில்தான் உண்டு. அதையே முதலில் கொடுத்திருக்கிறேன்.