சிக்னல் போச்சு... யூ டர்ன் வந்தாச்சு... சைக்கிள்காரர் எப்போதான் ரோட்டைக் கடப்பது?

கோவை:

கோவை மாநகரில் கார், பைக்கில் செல்பவர்கள் சிக்னலில் காத்துக் கிடக்கும் நேரம் முன்பை விட குறைந்திருக்கிறது. ஆனால் சைக்கிளில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு ரோட்டைக் கடப்பதே பெரும்பாடாகி விட்டது. ஒருவருக்கு மிச்சமான நேரத்தை இன்னொருவர் தன் உயிரைப் பணயம் வைத்து ஈடுகட்டுகிறார் என்பதுதான் நிலவரம்.

2022, 2023ம் ஆண்டுகளில் கோவையின் பல சந்திப்புகளில் சிக்னல்கள் நிறுத்தப்பட்டு, யூ டர்ன் முறையும் ரவுண்டானாவும் கொண்டு வரப்பட்டன. லாலி ரோடு சந்திப்பில் ரவுண்டானா வந்தது. அவினாசி ரோடு, திருச்சி ரோடு போன்ற பெரிய சாலைகளில் நேராகக் கடக்கும் வழி அடைக்கப்பட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் திரும்பி வரும்படி ஆனது. வண்டி நிற்காமல் ஓடினால் நெரிசல் குறையும் என்பது கணக்கு. கார்காரர்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பலித்தது.

அந்தக் கணக்கில் சைக்கிள் வரவில்லை என்பதுதான் சிக்கல்.

சிவப்பு விளக்கு தந்த இடைவெளி

சிக்னல் இருந்தபோது சைக்கிள்காரருக்கு ஒரு நிம்மதி இருந்தது. சிவப்பு விழுந்தால் எதிர்த் திசை வண்டி நிற்கும். அந்த நேரத்தில் அவர் பாட்டுக்கு மிதித்துக் கடந்து விடலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

யூ டர்னில் அந்த இடைவெளி கிடையாது. ரோட்டின் இடது ஓரமாக வரும் சைக்கிள்காரர், பின்னால் வரும் பஸ், கார், குட்டியானை எல்லாவற்றையும் தாண்டி வலது ஓரத்துக்கு வர வேண்டும். பிறகு சென்டர் மீடியன் இடைவெளியில் நின்று, எதிரே வரும் வண்டிகள் குறையும் வரை காத்திருந்து திரும்ப வேண்டும். திரும்பிய பிறகு மறுபடியும் இடது ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவை ரோட்டைக் கடக்க மூன்று கண்டம்.

நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூ டர்ன் 500 மீட்டர் தள்ளி இருந்தால் போய் வர 1 கிலோ மீட்டர். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அது ஒன்றரை நிமிடம். மணிக்கு 12 கிலோ மீட்டர் வேகத்தில் மிதிக்கும் சைக்கிளுக்கு 5 நிமிடம். தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் இந்தச் சுற்று. வெயிலிலும் மழையிலும் காலால் மிதித்துத்தான் அந்த தூரத்தைக் கடக்க வேண்டும்.

அதனால்தான் பலர் ராங் ரூட்டில் ஓரமாக வந்து விடுகிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. ஆனால் அவர்கள் விதி தெரியாமல் அப்படி வருவதில்லை. விதிப்படி போனால் சுற்றும் அதிகம், பயமும் அதிகம் என்பதால் வருகிறார்கள்.

5 நொடி போதும்... யார் தருவது?

மூன்று லேன் கொண்ட ஒரு பக்க ரோடு சுமார் 10 மீட்டர் அகலம் இருக்கும். நின்ற இடத்தில் இருந்து பெடலை மிதித்துக் கிளம்பும் சைக்கிள் அதைக் கடக்க சுமார் 5 நொடி ஆகும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 5 நொடியில் 55 மீட்டர் வந்து விடும். 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் 80 மீட்டரைத் தாண்டி விடும்.

அதாவது, தூரத்தில் வருகிறதே என்று சைக்கிள்காரர் நம்பிக் கிளம்பும் வண்டி, அவர் பாதி ரோட்டில் இருக்கும்போது தலைக்கு நேரே வந்து நிற்கும். டிரைவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே போதும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பலர் காலை எடுப்பதற்குப் பதில் ஹாரனில் கை வைக்கிறார்கள்.

‘சைக்கிள்தானே, அவனே நின்னுக்குவான்’ என்ற நினைப்புதான் காரணம். எதிரே லாரி வந்தால் இதே டிரைவர் பிரேக் போடுவார். லாரி மோதினால் அடிபடப் போவது தான் என்று அவருக்குத் தெரியும். சைக்கிள் மோதினால் பெயிண்ட்தான் போகும். பயம் இருக்கும் இடத்தில் மரியாதை தானாக வருகிறது.

வளைவில் காத்திருக்கும் எமன்

சிக்னல் இருக்கும் சந்திப்புகளிலும் சைக்கிளுக்கு நிம்மதி முழுசாக இல்லை. அங்கே வேறு விதமான தொல்லைகள்.

முதலாவது, இடது பக்க வளைவு. நேராகப் போகும் சைக்கிளை முந்திக்கொண்டு வந்து, அதன் முன்னால் கட் அடித்து இடது பக்கம் திரும்புவது. பஸ், லாரி திரும்பும்போது முன் சக்கரம் சைக்கிளைத் தாண்டிப் போய் விடும், பின் சக்கரம் உள்வாங்கி வளைவை ஒட்டி வரும். நடுவில் மாட்டியவர் தப்பிப்பது கஷ்டம். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இடது பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் கண்ணில் படுவதும் இல்லை.

இரண்டாவது, ஸ்டாப் லைனைத் தாண்டி வந்து நிற்கும் வண்டிகள். கோடு வரைந்திருப்பது ஒரு இடம், வண்டி நிற்பது இன்னொரு இடம். நடந்து போகிறவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே நுழைய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பச்சை விழ இன்னும் 3 நொடி இருக்கும்போதே உறுமிக்கொண்டு கிளம்பும் பைக்குகள். கடைசியாகக் கடந்துகொண்டிருக்கும் சைக்கிள்காரர் நடுரோட்டில் மாட்டிக்கொள்வார்.

ரவுண்டானாவிலும் இதே கதைதான். வட்டத்துக்குள் ஏற்கனவே சுற்றி வருபவருக்கு வழி விட்டுத்தான் புதிதாக வருபவர் நுழைய வேண்டும். சைக்கிள் சுற்றி வந்தால் இந்த விதியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சைக்கிளுக்கு லைசென்சும் கிடையாது, ரோடு வரியும் கிடையாது, அப்புறம் ரோட்டில் என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2017ம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளில், நடந்து செல்பவர்கள், சைக்கிளில் செல்பவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்புக்கு வண்டி ஓட்டுபவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று தெளிவாக உள்ளது. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவில், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்போன் பேசியபடி ஓட்டுவது, விதியை மீறி முந்துவது ஆகியவை அபாயகரமாக ஓட்டும் குற்றத்துக்குள் வருகின்றன. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது.

ஆனால் இதெல்லாம் அடிபட்ட பிறகு வரும் சட்டங்கள். அடிபடாமல் தப்பிக்கிற சைக்கிள்காரரைப் பற்றி எந்த ஸ்டேஷனிலும் பதிவு இருக்காது. கட் அடித்ததில் தடுமாறி விழுந்து முட்டி தேய்ந்தவர், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய் விடுவார். அதனால் அந்தச் சந்திப்பு விபத்து இல்லாத சந்திப்பாகவே கணக்கில் இருக்கும்.

கணக்கில் வந்ததே குறைவில்லை. 2022ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 4,800க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள்.

சைக்கிளில் போவது யார்?

அதிகாலை ரேஸ்கோர்சில் ஹெல்மெட் போட்டு, விலை உயர்ந்த சைக்கிளில் போகிறவர்களைப் பற்றி மட்டும் பேசும் விஷயம் இல்லை இது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைக்கும் லேத் கம்பெனிக்கும் போகிறவர்கள், டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், கேரியரில் பூக்கூடை வைத்துப் போகிறவர்கள் என இவர்களுக்கு சைக்கிள்தான் வண்டி. பெட்ரோல் விற்கும் விலையில் பைக் கட்டுப்படியாகாது.

அடுத்தது பள்ளி மாணவர்கள். பிளஸ் 1 படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று 2001-02ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ, மாணவிகள் எல்லோருக்கும் விரிவானது. அரசு காசில் வாங்கித் தந்த சைக்கிள் அது. அதை ஓட்டிப் போகும் பிள்ளை ரோட்டைக் கடக்க வழி செய்து தருவதும் அரசின் பொறுப்பில்தானே வரும்?

சைக்கிள்காரரைப் பார்த்து ‘ஓரமா போகக்கூடாதா?’ என்று கத்துவது சுலபம். அந்த ஓரத்தில் நிறுத்திய காரும், தள்ளுவண்டியும், மூடாத குழியும், குவிந்த மணலும் இருப்பது கத்துபவருக்கு தெரியாது.

கோவையில் இருந்து போன வழக்கு

சாலைப் பாதுகாப்பில் நாட்டுக்கே வழி காட்டிய வழக்கு கோவையில் இருந்துதான் போனது. கோவை எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன் 2012ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். அதன் தொடர்ச்சியாகவே 2014ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2025 அக்டோபரில் அதே வழக்கில், நகரங்களில் நடைபாதைகளையும் ரோட்டைக் கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்ய வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

அதே மாதம்தான் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. தூரம் போகும் கார்களுக்கு மேலே வழி கிடைத்து விட்டது. கீழே இருக்கும் ரோட்டையாவது உள்ளூர்க்காரருக்கும், நடப்பவருக்கும், மிதிப்பவருக்கும் ஏற்றபடி மாற்ற இதை விட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவை இல்லை. பள்ளி விடும் நேரத்திலும் ஷிப்டு மாறும் நேரத்திலும் முக்கிய யூ டர்ன்களில் ஒரு போலீஸ்காரரோ, ஊர்க்காவல் படையினரோ நின்று, 2 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 நொடி வண்டிகளை நிறுத்தினால் போதும். சேர்ந்து நிற்பவர்கள் சேர்ந்து கடந்து விடுவார்கள்.

சென்டர் மீடியனில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அளவுக்கு ஒரு இடைவெளி விட்டால், ரோட்டை இரண்டு தவணையாகக் கடக்கலாம். இடது பக்க வளைவு அகலமாக இருக்கும் இடங்களில் அதைக் குறுக்கினால் வண்டி தானாக வேகம் குறைத்துத் திரும்பும். ஸ்டாப் லைனை அழியாமல் பெயிண்ட் அடித்து, தாண்டி நிற்பவருக்கு கேமராவில் அபராதம் போடலாம்.

சைக்கிள்காரர்களும் சிலதைக் கவனிக்க வேண்டும். சந்திப்பில் பஸ், லாரியின் இடது பக்கம் ஒட்டி நிற்கக்கூடாது. கொஞ்சம் பின்னால் நின்று, டிரைவரின் முகம் கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு அவர் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியவில்லை. முன்பெல்லாம் டைனமோ லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். இப்போது யாரும் பிடிப்பதில்லை என்பதற்காக இருட்டில் லைட் இல்லாமல் போகக்கூடாது. பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது வேண்டும்.

ஆனால் ஒரு சந்திப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை கார் எத்தனை நொடியில் கடந்தது என்று மட்டும் எண்ணினால் போதாது. பிளஸ் 1 படிக்கும் ஒரு பெண் பிள்ளை புத்தகப் பையோடு, சைக்கிளை விட்டு இறங்காமல், யாரிடமும் திட்டு வாங்காமல் அந்த இடத்தைக் கடக்க முடிகிறதா என்று மாலை 4.30 மணிக்கு நின்று பார்க்க வேண்டும். போக்குவரத்து போலீசாரும், மாநகராட்சியும், நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து ஒரு நாள் அப்படி நின்று பார்ப்பார்களா?