கட்டட அனுமதியும் கட்டுவோர் நலமும்

நுழையும்முன்

ஒரு நகரம் வளர்கிறது என்பதற்குச் சான்றாகக் கட்டட அனுமதிகளின் மாதக் கணக்கைக் காட்டுவது வழக்கம். அக்கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

வளரும் ஊர்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் அடுத்து அமைந்துள்ளது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைக் கடந்து அத்திப்பள்ளி வழியே சென்றால் தமிழக எல்லை வந்துவிடும். 2010-இல் சில்க் போர்டு சந்திப்பையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் இணைக்கும் மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ இரயிலின் மஞ்சள் வழித்தடம் தொடங்கப்பட்டது. சாலையும் இரயிலும் நெருங்கி வரும் ஊரில் மனையின் விலை ஏறும். மனை வாங்கியவர் வீடு கட்டுவர். வீடு கட்டுவோர் பெருகினால் வேலை தேடி வருவோரும் பெருகுவர். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் கம்பி கட்டுவோரும் இப்பகுதியின் மாடிகளை எழுப்பியதில் பெரும்பங்கு கொண்டவர்கள். இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் தொழிலாளர்களும் அவர்களோடு தோள்சேர்ந்து உழைக்கின்றனர்.

இத்தகைய ஊர் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அறிய, அம்மாதத்தில் எத்தனை கட்டட வரைபடங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று கேட்கின்றனர். எண் கூடினால் வளர்ச்சி என்றும், குறைந்தால் தளர்ச்சி என்றும் உடனே முடிவு கட்டப்படுகிறது. இம்முடிவு அவசரமானது. அனுமதியின் எண்ணிக்கை ஒரு தொடக்கத்தை மட்டுமே காட்டும். கட்டடம் முறையாக நிறைவுற்றதா, அதைக் கட்டியவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததா என்னும் இரண்டு செய்திகளும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு முழுமை பெறும்.

வரைபடம் ஏன் வேண்டும்?

திட்டமிட்டுக் கட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, நண்பகலில் கோலின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை அமைத்த முறையைக் கூறுகிறது. அன்று மன்னனின் மாளிகைக்குச் செய்யப்பட்ட அத்தகைய முன்னேற்பாட்டை, இன்று எளியவரின் வீட்டுக்கும் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. தெருவுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடிகள் எழுப்பலாம், கழிவுநீர் எங்கே செல்லும், தீப்பிடித்தால் எவ்வழியே வெளியேறலாம் என்பனவற்றை வரைபடம் முன்கூட்டியே காட்டுகிறது. அதனைச் சரிபார்த்து ஒப்புதல் வழங்குவதே கட்டட அனுமதி. ஆகவே, அண்டை வீட்டாரின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அளிக்கப்படும் உறுதிமொழி அது எனலாம்.

சிறு வீடுகளுக்கு இம்முறையை எளிதாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் 2024 ஜூலை மாதத்தில் சுயசான்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட விரும்புவோர், விதிகளைக் கடைப்பிடிப்பதாகத் தாமே சான்றளித்து இணையம்வழி உடனடி அனுமதி பெறலாம். அலைச்சலைக் குறைக்கும் இத்திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், அனுமதி பெறுவது எளிதாகும்போது அதன் எண்ணிக்கையும் இயல்பாகவே உயரும். அவ்வுயர்வு முழுவதையும் கட்டுமானத்தின் வளர்ச்சியாகக் கொள்வது பிழை.

மாதக் கணக்கின் ஏற்ற இறக்கம்

மாத எண்ணிக்கைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கடைக்கால் தோண்டத் தமிழர் தயங்குவர். கன்னடக் குடும்பங்களும் ஆஷாட மாதத்தில் மங்கலச் செயல்களைத் தவிர்ப்பர். ஆவணி பிறந்ததும் தள்ளிவைக்கப்பட்ட வேலைகள் ஒருங்கே தொடங்கும். எனவே, ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டு, 'ஒரே மாதத்தில் பெரும் பாய்ச்சல்' என்று வியப்பதில் பொருளில்லை. கட்டணம் உயரப்போகிறது என்ற செய்தி பரவினால், அதற்கு முந்தைய மாதத்தில் விண்ணப்பங்கள் குவியும். சென்ற ஆண்டின் ஆவணியோடு இவ்வாண்டின் ஆவணியை ஒப்பிடுவதே நேரிய முறை.

அனுமதி கிடைத்த பின்னரும் வேலையின் வேகம் பருவத்தைப் பொறுத்தே அமையும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மழை கான்கிரீட் வேலையைத் தடுக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊர் செல்வதால் சாரங்கள் வெறிச்சோடும். கோடையில் நீர்ப் பஞ்சம் குறுக்கிடும். 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வாரியம், கட்டுமானம் முதலிய பணிகளுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறுவோர்க்கு 5000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. ஏட்டில் அனுமதி மிகுந்திருக்க, களத்தில் வேலை நின்றிருப்பதும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

எண்ணிக்கை வேறு, பரப்பளவு வேறு. எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் 1200 சதுர அடியுள்ள முப்பது வீடுகளுக்கு அனுமதி தரப்பட்டதாகக் கொள்வோம். மொத்தப் பரப்பு 36,000 சதுர அடி. அடுத்த மாதத்தில் ஒரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, ஒரு இலட்சம் சதுர அடிக்கு அனுமதி தரப்பட்டால், எண்ணிக்கை முப்பதிலிருந்து ஒன்றாகக் குறையும்; கட்டப்படும் பரப்போ ஏறத்தாழ மூன்று மடங்காகும். எண்ணை மட்டும் பார்ப்பவர் தளர்ச்சி என்பார். பரப்பை அறிந்தவர் வளர்ச்சி என்பார்.

அனுமதிக்குப் பின் என்ன?

இவற்றினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. அனுமதி பெற்ற கட்டடம் அந்த அனுமதியின்படியே கட்டப்பட்டதா? 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அக்கட்டடம் முறையான அனுமதி பெற்றிருந்தது. 2024 அக்டோபர் 22 அன்று பெங்களூரின் பாபுசாபாளையாவில் கட்டப்பட்டு வந்த பல மாடிக் கட்டடம் இடிந்து 9 பேர் மாண்டனர். அங்கு எழுப்பப்பட்ட மாடிகளுக்கு உரிய அனுமதி இல்லை. அனுமதி பெற்ற கட்டடமும் விழுந்தது. அனுமதியை மீறிய கட்டடமும் விழுந்தது. முதலாவது, மாதக் கணக்கில் ஒரு வெற்றியாகவே பதிவாகியிருக்கும். இரண்டாவதன் கூடுதல் மாடிகள் அக்கணக்கில் இடம்பெற்றே இரா. இரண்டிலும் இறந்தவர்களுள் பலர் பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்து வந்த தொழிலாளர்களே.

இந்நிலையைக் கருதியே, 2024 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் சில கட்டளைகளை வழங்கியது. கட்டுமானக் காலம் முழுவதும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைப் பணியிடத்தில் பலரும் காணுமாறு வைக்க வேண்டும். வரைபடத்தின்படி கட்டி முடித்து நிறைவுச் சான்று அல்லது குடியேற்றச் சான்று பெற்ற பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. பெங்களூரில் மக்கள் 'ஓ.சி.' என்று குறிப்பிடுவது இந்தக் குடியேற்றச் சான்றையே.

இதனால் சிறு வீடு கட்டுவோர் இன்னலுறுவர் என்பது ஒரு மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்னும் பழமொழி கடனும் அலைச்சலும் பட்டவர்களின் வாய்மொழி. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் செலவிட்டுக் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்புக் கிடைக்காவிட்டால் அக்குடும்பம் எங்கே செல்லும்? இதனை எண்ணியே 2025-இல் கர்நாடக அரசு, 1200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டப்படும் சிறு வீடுகளுக்கு அச்சான்றிலிருந்து விலக்களித்தது. எளியவருக்கு விலக்களிப்பது இரக்கம். ஆனால், சான்றிலிருந்து விலக்குப் பெற்ற வீட்டின் தூண்களும் உறுதியாக இருத்தல் வேண்டும். சான்று தேவையில்லை என்பது சரிபார்த்தலே தேவையில்லை என்றாகிவிடலாகாது.

அனுமதியைத் தனித்து எண்ணாமல் நிறைவோடு சேர்த்து எண்ணும் வழக்கம் பிற நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம், அனுமதி பெற்ற வீடுகள், கட்டத் தொடங்கிய வீடுகள், கட்டி முடிந்த வீடுகள் என மூன்று எண்களையும் மாதந்தோறும் ஒரே அறிக்கையில் வெளியிடுகிறது. தொடங்கியவற்றுக்கும் முடிந்தவற்றுக்கும் உள்ள இடைவெளியை அங்கே எவரும் காணலாம்.

உழைப்பவரின் ஒரு விழுக்காடு

கட்டட அனுமதியோடு தொழிலாளர் நலமும் பிணைந்துள்ளது என்பதைப் பலர் அறியார். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நல வரியாகப் பெறும் முறை, 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி ஏற்பட்டது. உள்ளாட்சியின் ஒப்புதல் தேவைப்படும் கட்டடங்களுக்கு, வரைபட விண்ணப்பத்தோடு அவ்வரியையும் செலுத்துவது நடைமுறை. ஒரு கோடி ரூபாய்க் கட்டடத்திற்கு ஒரு இலட்சம் ரூபாய் இவ்வாறு சேரும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அத்தொகையிலிருந்து விபத்து உதவி, மகப்பேற்று உதவி, ஓய்வூதியம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி ஆகியவற்றை வழங்குகிறது.

ஆனால், வாரியத்தில் பெயர் பதிந்தவருக்கே அவ்வுதவி உண்டு. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவராய், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள்களேனும் கட்டுமான வேலை செய்தவராய் இருத்தல் வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பணியிடம் மாறும் சித்தாள் ஒருவர், 90 நாள் உழைத்ததற்கான சான்றை யாரிடம் பெறுவார்? மேஸ்திரி மாறியிருப்பார், கட்டட உரிமையாளரின் பெயரே அவருக்குத் தெரிந்திராது. இவ்வாறு திரட்டப்பட்ட பெருந்தொகை தொழிலாளரைச் சென்றடையாமல் தேங்கிக் கிடந்ததை 2018-இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. கட்டடம் எழும்பொழுதே வரி வந்து சேர்ந்துவிடுகிறது. அக்கட்டடத்தை எழுப்பியவர் பெயரோ ஏட்டில் ஏறுவதில்லை. வரி வாங்கும் மேசையிலேயே பெயர் பதியும் ஏற்பாடும் இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

நான்கு எண்கள்

கட்டடங்கள் பெருகும் வேகத்திற்கு வடிகாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் ஈடுகொடாவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சந்தாபுராவே சான்று. இவ்வூர் ஏரி மாசடைந்ததற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. வளர்ச்சியின் எண்களைப் பெருமையோடு வாசிக்கும் ஊர், அவ்வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் வாசிக்கக் கடமைப்பட்டுள்ளது.

ஆதலால், ஒவ்வொரு நகராட்சியும் மாதந்தோறும் நான்கு எண்களை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அனுமதி பெற்ற பரப்பளவு எவ்வளவு? கட்டத் தொடங்கியவை எத்தனை? வரைபடத்தின்படி நிறைவுற்றுச் சான்று பெற்றவை எத்தனை? நல வாரியத்தில் பெயர் பதிந்த தொழிலாளர் எத்தனை பேர்? இந்நான்கிற்கும் தேவையான தாள்கள் பெரும்பாலும் அரசு அலுவலகங்களிலேயே உள்ளன; அவற்றை ஒன்றுசேர்த்து எழுதும் மனமே வேண்டும். சந்தாபுரா போன்ற ஊர்களில் அப்பலகை கன்னடத்தோடு தமிழ், இந்தி முதலிய மொழிகளிலும் இருப்பது நன்று. செங்கல் சுமப்பவரும் தம் பெயர் அக்கணக்கில் உண்டா என்று தாமே படித்தறிய வேண்டும். அவருக்குப் படிக்க இயலாவிடின், பள்ளி செல்லும் அவர் பிள்ளை படித்துச் சொல்லும்.

சிந்தித்து விடையளிக்க

1. ஆடி மாதத்து அனுமதி எண்ணிக்கையை ஆவணி மாதத்து எண்ணிக்கையோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தாது?

2. மௌலிவாக்கம், பாபுசாபாளையா ஆகிய இரு விபத்துகளும் அனுமதிக் கணக்கின் எக்குறையைக் காட்டுகின்றன?

3. சிறு வீடுகளுக்குச் சான்றிலிருந்து விலக்களித்தது சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பத்தியில் எழுதுக.

4. உம் வீட்டருகே நடைபெறும் ஒரு கட்டுமானப் பணியிடத்தின் முன் வைக்கப்பட்டுள்ள பலகையைச் சாலையில் நின்றவாறே படித்து, அதில் உள்ளனவற்றையும் இல்லாதனவற்றையும் தமிழில் பட்டியலிடுக.