நாங்க பாக்காத வெயிலா?

சிவில் முடிச்ச தம்பி ஒருத்தன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். கையில துபாய் கம்பெனியோட ஆஃபர் லெட்டர், முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. ஜூலையில ஜாயின் பண்ணணுமாம். "வெயில் ஜாஸ்திடா, ஜாக்கிரதை"ன்னேன். "அண்ணே, நான் வேலூர்க்காரன். நாங்க பாக்காத வெயிலா?"ன்னு சிரிச்சான்.

இதே டயலாக்கை நானும் விட்டிருக்கேன் பாஸ்! 2013 ஜூலையில அங்கே போய் இறங்கின மூணாவது நாள். சைட்ல கம்பி கட்டு செக் பண்ணிக்கிட்டு இருந்தேன். காலை பதினோரு மணிதான். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல். கையில டிராயிங்கைப் பிடிச்சிருக்கேன், ஆனா அதுல என்ன இருக்குன்னே மண்டையில ஏறலை. பக்கத்துல நின்ன பங்களாதேஷ் ஃபோர்மேன்தான் என்னைத் தரதரன்னு நிழலுக்கு இழுத்துட்டுப் போய், ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்துலயும் அக்குள்லயும் ஈரத்துணி வச்சார். 'புதுசா வர்றவன்தான் விழுவான்'னு இந்தியில ஒரு திட்டு வேற. அவர் அன்னிக்கு லீவு போட்டிருந்தா இந்தப் பத்தியை இப்போ வேற யாராவது எழுதிக்கிட்டு இருப்பாங்க.

அவர் சொன்னது நிஜம். ஒரு புது வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும். அதுக்கப்புறம்தான் சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில உப்பு குறைவா போகும். வேலூர் வெயில்ல வளர்ந்தது கொஞ்சம் உதவும், மறுக்கலை. ஆனா துபாய் கடலோர ஊர். ஜூலை, ஆகஸ்ட்ல அனலோட ஈரப்பதமும் சேர்ந்துக்கும். வியர்வை வரும், காயாது. காயலைன்னா உடம்பு குளிராது. ராத்திரி பத்து மணிக்கு ஏசி ரூமை விட்டு வெளியே வந்தாக்கூட மூக்குக் கண்ணாடியில ஆவி படியும்னா பார்த்துக்கங்க.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அங்கே விதி இருக்கு. 2005லேர்ந்து அமல்ல இருக்கு. நல்ல விதிதான். ஆனா நான் விழுந்தது பதினோரு மணிக்கு! அதனால முதல் ரெண்டு வாரம் ஹீரோயிசம் வேண்டாம். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. சிறுநீர் அடர் மஞ்சளாப் போச்சுன்னா நீங்க ஏற்கெனவே லேட். குரோசரி கடையில 'லபன்'னு பாட்டில்ல விப்பாங்க. நம்ம மோர்தான், கொஞ்சம் கெட்டி. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிச்சா அமிர்தம். சட்டை தொளதொளன்னு, முழுக்கை, பருத்தி. பக்கத்துல இருக்கிறவன் சம்பந்தமில்லாம உளற ஆரம்பிச்சா ஜோக்குன்னு நினைச்சிடாதீங்க. நிழலுக்கு இழுங்க, உடம்பை நனைங்க, 998க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

அடுத்தது ரூம். சம்பளம் கைக்கு வர ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் தாங்குற காசோட போங்க. ஆரம்பத்துல கராமாவுலயோ தேராவுலயோ 'பெட் ஸ்பேஸ்'தான் கிடைக்கும். அதாவது, ஒரு அறையில ஒரு கட்டில் மட்டும் உங்களுக்கு. பலகை அடிச்சு அறையைக் கூறு போட்டு விடுற இடமா இருந்தா வேண்டாம். மாநகராட்சி அதை அனுமதிக்கிறதில்லை. தீப்பிடிச்சா வெளியே வர வழியும் இருக்காது. ரூமை நடு மத்தியானத்துல போய்ப் பாருங்க. ஜன்னல் மேற்குப் பார்த்து இருக்கா, ஏசி பில் யார் தலையில விழும்னு கேளுங்க. மெட்ரோ ஸ்டேஷன் பத்து நிமிஷ நடைதான்னு புரோக்கர் சொல்வார். ஜனவரியில அது பத்து நிமிஷம். ஆகஸ்ட்ல நனைஞ்ச கோழியா ஆபீஸ் போய் நிப்பீங்க. வாடகை கொஞ்சம் கூடினாலும் ஸ்டேஷன் பக்கமா எடுங்க. இன்னொண்ணு, தண்ணி பாட்டில் பையிலேயே இருக்கட்டும். மெட்ரோ ரயிலுக்குள்ள குடிச்சா 100 திர்ஹாம் அபராதம்!

குளியல் கதை தனி. மொட்டை மாடி டேங்க் கொதிக்கிறதால கோடையில பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்தா வெந்நீர் கொட்டும். அந்த ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னா, வாட்டர் ஹீட்டர் சுவிட்சை மாசக்கணக்கா அணைச்சே வச்சிடுறாங்க. ஹீட்டர் தொட்டியில தங்கின தண்ணி ஏசி வீட்டுக்குள்ளேயே இருந்து ஆறிடும். அப்புறம் 'ஹாட்' குழாயைத் திறந்து ஜில்லுன்னு குளிப்பாங்க. முதல் வாரம் யாரும் எனக்கு இதைச் சொல்லலை. தோல் சிவந்ததுதான் மிச்சம்.

இனி அந்த ஆஃபர் லெட்டர். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீங்க, அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னு பாருங்க. ஒரு வருஷம் முடிச்சா பணிக்கொடை உண்டு. முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்னு கணக்கு. மொத்தம் 4,000 திர்ஹாம்ல அடிப்படை 1,200னா வருஷத்துக்கு 840தான் தேறும். 2,400னா 1,680. தம்பியோட லெட்டர்ல அடிப்படை ரொம்பக் கீழே இருந்தது. கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தோட ஆஃபர் படிவம் தமிழ்லயும் உண்டு. புரியாம கையெழுத்து போட அவசியமே இல்லை. விசாவுக்குன்னு உங்ககிட்ட பணம் வாங்கறது அங்கே சட்டப்படி தப்பு. 'விசிட் விசாவுல வந்து வேலையைத் தொடங்கு, அப்புறம் மாத்திக்கலாம்'னா அந்தப் பக்கமே போகாதீங்க. எங்க கம்பெனி ஹெச்.ஆர். முதல் நாளே 'பத்திரமா இருக்கட்டும்'னு பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டார். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வைக்கிறது சட்டவிரோதம்னு தெரியாம நானும் பல்லைக் காட்டிக்கிட்டுக் கொடுத்துட்டேன். ஊர்ல பாட்டி சீரியஸ்னு தகவல் வந்தப்போ அதைத் திரும்ப வாங்க நாலு நாள் ஆச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கொடுக்காதீங்க மக்களே.

கிளம்பும்போது தம்பி, "அம்மா குருமாப் பொடி அரைச்சு வச்சிருக்காங்கண்ணே, ரெண்டு கிலோ"ன்னான். கசகசா போட்டிருக்காங்களான்னு கேட்டேன். போடாம எப்படின்னு முழிச்சான். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். ஏர்போர்ட்ல மாட்டினா ஜெயில் வரைக்கும் போயிருக்காங்க. இருமல் மருந்து, வலி மாத்திரையிலயும் கோடீன், டிரமடால் இருந்தா முன் அனுமதி வேணும். அங்கேயே அம்மாவுக்கு போன் போட்டான். கசகசா இல்லாம இன்னொரு தடவை அரைக்கிறாங்களாம். அப்படியே பெட்டியில ஒரு ஸ்வெட்டரும் வைக்கச் சொன்னேன். "பாலைவனத்துக்கா?"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க. ஆபீஸ் ஏசியில ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்!