விளையாட்டுக் கணக்கும் வீட்டுத் திறப்பும்

கல்லூரி அன்னையின் விழா மலரிலே கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நாம் மாணாக்கராய் இருந்த காலத்தில் விளையாட்டென்றாற் கல்லூரி மைதானமே. அங்கே தொலையக்கூடிய பொருள் ஒரு பந்து. மிஞ்சினால் ஒரு துடுப்பு. இன்றைய மாணாக்கரோ பாடமும் மாலை வகுப்பும் முடிந்தபின் கைப்பேசியிலும் கணினியிலும் இணையவழி விளையாடுகின்றனர். அவ்விளையாட்டு நன்றோ தீதோ என்னும் வழக்கை நாம் ஈண்டுத் தொடுக்கவில்லை. விளையாடும் பிள்ளை தன் கணக்கைத் திருடரிடம் பறிகொடாதிருக்கக் கற்பித்தல் பெரியோர் கடன் என்பதும், அக்கடனில் நாம் தவறிவிட்டோம் என்பதுமே எமது கருத்து.

விளையாட்டுக் கணக்கிற் காப்பதற்கு என்ன இருக்கிறது எனச் சிலர் வினவுவர். பணங்கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கள் உள. பல்லாண்டு முயன்று பெற்ற படிநிலைகளும் பொருள்களும் உள. அப்பொருள்களுட் சில காசுக்கு விலைபோவன. சில வீடுகளில் அக்கணக்கோடு தந்தையாரின் வங்கி அட்டையும் இணைந்திருக்கிறது. ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் களவாடப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிப்படையாகவே கூறியது. பறிகொடுத்தோர் யாவரும் அனுபவமற்றவர் அல்லர். தேர்ந்த ஆட்டக்காரரும் அவருள் இருந்தனர் என்றும் அது குறிப்பிட்டது. ஆதலின் ஏமாந்த பிள்ளையை மூடன் என்று இகழ்வதற்கு நியாயமில்லை.

இத்திருட்டிலே பூட்டை உடைத்தல் அரிது. உடையவனிடமே திறப்பைப் பெற்றுக்கொள்ளுதலே பெருவழக்கு. அதற்கு வழிகள் மூன்று.

முதலாவது, ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைத்தல். சமூக வலைத்தளங்களுக்குச் சிறு விளையாட்டுக்களும் செயலிகளும் ஆக்கிவந்த ரொக்யூ நிறுவனத்திலிருந்து 2009ஆம் ஆண்டு 3 கோடி 20 இலட்சம் அளவிலான கடவுச்சொற்கள் வெளிப்பட்டன. அவை மறைகுறியாக்கப்படாது கிடந்தன. அவற்றுள் மிகுதியாய்க் காணப்பட்டது '123456' என்பதே. 2011இல் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வலையமைப்பில் ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் கள்வர் கைக்கு எட்டின. ஒரு நிறுவனத்தின் களஞ்சியம் உடைபடுவதைச் சிறுவன் தடுத்தல் இயலாது. எனினும், அங்கே அகப்பட்ட கடவுச்சொல் வேறெங்கும் செல்லாதவாறு செய்தல் அவனுக்கு இயலும். கணக்குக்கொரு தனிச்சொல் வேண்டும். அது நீண்டதாய் இருத்தல் வேண்டும். அத்தனையையும் நினைவில் வைத்தல் அரிதாகையால், கடவுச்சொற்களைச் சேமித்துக் காக்கும் நம்பகமான செயலியொன்றைக் கையாளலாம்.

இரண்டாவது, போலிப் பக்கம். 'இலவச நாணயம் தருகிறோம்', 'எமது அணிக்கு வாக்களி' என்று ஒரு செய்தி வரும். அதுவும் நண்பனின் பெயராலேயே வரும். ஏனெனில் நண்பனின் கணக்கு முன்னரே பறிபோயிருக்கும். இணைப்பைத் தொட்டால் அசலைப் போன்றதொரு பக்கம் தோன்றும். 'ஆர்', 'என்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் இரண்டை நெருக்கி வைத்தால் 'எம்' என்னும் எழுத்தாகத் தோன்றும். விரைந்து படிக்கும் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. முகவரியருகே தோன்றும் பூட்டுக் குறியை நம்புவாரும் உளர். அக்குறி, இடைவழியிற் பிறர் ஒட்டுக்கேளார் என்பதைக் காட்டுமேயன்றி, மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்பதைக் காட்டாது. ஸ்டீம் பயனரை நோக்கி 2022இல் விரிக்கப்பட்ட வலையொன்றில், உள்நுழையும் சாளரத்தையே பக்கத்துக்குள் ஒரு படமாக வரைந்து, அதன் தலையிற் சரியான முகவரியையும் பூட்டுக் குறியையும் தீட்டியிருந்தனர். கணினியில் அத்தகைய சாளரத்தைப் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பார்த்தால் வராது. போலியாதலின் பக்கத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே விதி போதும். செய்தியில் வந்த இணைப்பின் வழியே சென்ற எந்தப் பக்கத்திலும் கடவுச்சொல்லை இடற்க. முகவரியைத் தானே தட்டெழுதி, அல்லது தான் முன்னர் குறித்துவைத்த வழியாற் செல்க. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவைத்தல் நன்று. அவ்வெண்ணை நிறுவனத்தார் எனச் சொல்லிக்கொண்டு யார் கேட்பினும் கொடுத்தலாகாது.

மூன்றாவது வழி மிகக் கொடியது. ஆட்டத்திற் குறுக்கு வழியால் வெல்வதற்கென்றும், விலைகொடாது விளையாடுவதற்கென்றும் சில நிரல்கள் இணையத்திற் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றில் திருட்டு நிரல் ஒளிந்திருக்கும். ஒருவர் உள்நுழைந்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் 'குக்கீ' என்னும் சிறு பதிவையே அது கவர்ந்து செல்லும். அப்பதிவு கைக்கு வந்தவனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டா. இருபடிச் சரிபார்ப்பும் தடையாகாது. எனவே உரிய அங்காடிக்கு வெளியேயுள்ள நிரல்களைத் தீண்டாதிருத்தலே காப்பு.

நிற்க. நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில் 13 வயதுச் சிறுவனொருவன் இலவச நாணயத்துக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை இழந்தான். 'விளையாடித் திரிந்தவனுக்கு இது வேண்டியதுதான்' என்று ஏச்சு விழுமென அஞ்சி, மூன்று கிழமை வாய்திறவாதிருந்தான். அதற்குள் அதே கடவுச்சொல்லைக் கொண்ட மின்னஞ்சலும் பறிபோயிற்று. தாயாரின் வங்கி அட்டையிலிருந்தும் பணம் சென்றது. முதல்நாளே சொல்லியிருந்தால், வேறொரு நல்ல கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பின்னர் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, வங்கிக்கும் அறிவித்திருக்கலாம். கள்வனுக்கு அந்த மூன்று கிழமையை அளித்தது அச்சிறுவனின் பேராசையன்று. அவன் வீட்டாரிடத்துக் கொண்ட அச்சமே.

பிறர் கணக்கில் உரிமையின்றி நுழைதல் இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். வேடிக்கைக்காக நண்பனின் கணக்கைத் திறப்போரும் இதனை அறிதல் வேண்டும். ஆயினும் சட்டம் களவு நிகழ்ந்தபின் வருவது. கள்வனோ பெரும்பாலும் கடல்கடந்து இருப்பவன். முன்னே நிற்கும் காவல் பழக்கம் ஒன்றே.

அப்பழக்கத்தைப் பதின்மூன்று வயதிற் பழகியவன் முப்பது வயதில் தன் வங்கிக் கணக்கையும் அலுவலகத்தின் இரகசியத்தையும் அவ்வாறே காப்பான். விளையாட்டை வெறுத்துப் பேசுவதால் இந்தப் பயிற்சிக்குரிய வாய்ப்பை நாமே இழக்கின்றோம். பழைய மாணவருட் கணினித்துறையிற் பணிபுரிவோர் பலர் உளர். ஆண்டிலொரு பிற்பகலைக் கல்லூரியின் கீழ்வகுப்பு மாணாக்கருக்கு அவர்கள் ஒதுக்குவார்களாயின், அது அன்னைக்குச் செய்யும் சிறந்த கைம்மாறாகும். பெற்றார் செய்யவேண்டியது அதனினும் எளிது. 'ஏதாவது பறிபோனால் முதலில் எங்களிடம் சொல், ஏசமாட்டோம்' என்று இன்றிரவே பிள்ளையிடம் சொல்லுக, சொன்னபடி நிற்க.